டெஸ்டர் அக்கா திருடிய ஃபியூஸ்

திருடிக்கொண்டு வந்துவிட்டாள் என்றா சொல்கிறீர்கள்? எதைத் திருடினாள், அதையும் சொல்லிவிடுங்கள். மாடிவீட்டுக்காரம்மா தங்கம் என்கிறாள். பால்காரர் மைக் என்கிறார். எதிர்வீட்டில் இருக்கிற சொந்த நாத்தனாரோ, வண்டி வைத்து ஒரு இரும்புப் பெட்டியையே தூக்கிவிட்டாள் என்கிறாள். அந்தப் பெட்டி அரை மூட்டை சிமெண்டு கனம். அதைச் சுமந்துகொண்டு மூன்று மாடி இறங்க டெஸ்டர் அக்கா என்ன பார வண்டியா? ஒரு பேச்சுக்குக் கண்ணும் காதும் மூக்கும் வைப்பது என்று ஆகிவிட்டால், கையோடு இரண்டு காலையும் வைத்துவிடுங்கள். அதுவே நடந்து ஊரைச் சுற்றி வரட்டும்.

அவள் எடுத்து வந்தது உண்மைதான். இல்லை என்று யாரும் சாதிக்கவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடித் துண்டு. அதை எதற்காக எடுத்தாள் என்று கேட்டுவிட்டுப் பிறகு வாயைத் திறவுங்கள்.

டெஸ்டர் அக்கா என்ற பேரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அவள் கொண்டை. மற்றவர்கள் ஊசி குத்துகிற இடத்தில் இவள் கரண்டு பார்க்கிற டெஸ்டரைக் குத்தியிருப்பாள். பஸ் ஓட்டுகிற புருஷனுக்கு அதில் தீராத குறை.

"கல்யாண வீட்டுக்காவது அதைக் கழட்டி வெச்சுட்டு வாயேன். உன் தலையைப் பார்த்ததும் ஓடுற ஃபேனைக்கூட ரிப்பேருன்னு காட்டுறாங்க."

"காட்டினா என்ன? பார்த்துக் குடுத்துட்டு வந்தா கை தேஞ்சா போயிரும்?"

இப்படிப்பட்டவள் பதினொரு வருஷமாக வேலை பார்த்தது ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவின் பின்னறையில். ஒரு மேஜை, ஈயம் உருக்கி ஒட்டுகிற ஒரு சால்டரிங் அயர்ன், சுவர் நிறைய சின்னச் சின்ன இழுப்பறைகள். அங்கே முதலாளியின் அப்பா வாங்கிவைத்த இரண்டு லிமிட்டர் பெட்டிகள் இருந்தன. குசுகுசுவென்று பாடிக்கொண்டிருக்கிற பாட்டுக்காரி திடீரென்று உச்சத்துக்குப் போனால், கேட்கிறவன் காது கிழியாமல் சத்தத்தை அமுக்கிப் பிடிப்பதுதான் லிமிட்டரின் வேலை. அமுக்குவதே தெரியாமல் அமுக்க வேண்டும். வீட்டுச் சண்டையில் நடுவே வந்து, "சரி, மெதுவா பேசுங்க" என்று இரண்டு தோளிலும் கை வைக்கிற பெரிய மனுஷி மாதிரி. உள்ளே பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரிக் கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேல் என்று எரியும். முகப்பில் ஒரு முள் ஆடும்.

முதலாளிக்கு அவை பெட்டிகள் இல்லை, அப்பாவேதான். மேலே படிந்த தூசைத் துடைக்கப் போனால்கூடப் பதறுவார். "அது அப்பா காலத்துத் தூசும்மா, விடு" என்பார்.

போன வருஷம் முதல் பெட்டி வண்டு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் முழங்கை பட்ட சவுண்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"சுள்ளுன்னு இழுத்துருச்சுக்கா!"

டெஸ்டர் அக்கா கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவிப் பெட்டியின் தகரத்தில் வைத்தாள். விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால், கரண்டு வருகிற வழிக்கும் தகரத்துக்கும் நடுவே காவல் நிற்க வேண்டிய காகிதக் கண்டன்சர் என்றைக்கோ செத்துப் போயிருந்தது. மற்ற பதிமூன்றும் மெழுகு ஒழுகிச் சாகக் கிடந்தன.

"எல்லா கண்டன்சரையும் மாத்தணும் சார்."

"மாத்தறதா? ஏம்மா, உங்க அப்பாவுக்கு வயசாச்சுன்னா அவரை மாத்திருவியா?"

"அப்பாவை மாத்த மாட்டேன் சார். பல்லு விழுந்தா பல்லு கட்டுவேன்."

"அதெல்லாம் பேசாதே. ரிப்பேர் பண்ணு, ஆனா ஒண்ணையும் மாத்தாதே. மாத்தினா சத்தம் செத்துரும்."

சலூனில் உட்கார்ந்துகொண்டு, முடி வெட்டு, ஆனால் நீளம் குறையக் கூடாது என்பது போல இருந்தது. இவளும் பிடிவாதக்காரி. அந்த வேலை தெரிந்தவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பழைய கண்டன்சரின் கூட்டை மெல்லச் சூடு காட்டி, உள்ளே இருக்கிற காகிதச் சுருளை உருவிவிட்டு, பட்டாணி அளவுப் புதுக் கண்டன்சரை வைத்து, மறுபடி மெழுகு ஊற்றி மூடிவிடுவார்கள். வெளியே பழைய சட்டை, உள்ளே புது ஆள். பதினாலு கூட்டையும் அப்படியே செய்தாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்ப்பது போல நாற்பது வால்வுகளை அளந்து ஒரே குணமுள்ள இரண்டைச் சேர்த்தாள். தகரத்திலிருந்து ஒரு எர்த் ஒயரை யார் கண்ணிலும் படாமல் பின்பக்கமாக இழுத்தாள். பாட்டுக்காரி உச்சத்துக்குப் போய் இறங்கும்போது பெட்டி பிடித்த பிடியை விடாமல் அவள் மூச்சையே விழுங்கிக்கொண்டிருந்தது; பிடியைச் சீக்கிரம் தளர்த்துகிற மாதிரி ஒரு இடத்தில் கணக்கை மாற்றி வைத்தாள். உருவிய காகிதச் சுருள்களைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு வீட்டுப் பரணில் ஏற்றினாள்.

முதலாளி குனிந்து பார்த்தார். "எதையாவது மாத்தினியா?"

"நீங்களே பாருங்க சார், எல்லாம் அப்படியேதான் இருக்கு."

அவள் செய்த தப்பு அந்த ஒரு வாக்கியம். திருட்டு என்று பேசுகிறவர்கள் அதை விட்டுவிட்டு வேறு எதையோ பிடித்துத் தொங்குகிறீர்கள்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலுள்ள காது நிபுணர்களை எல்லாம் கூப்பிட்டார். மூன்று நரைத்தாடிகள் வாரா வாரம் வந்து, காபி குடித்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒருவர், "வெதுவெதுன்னு இருக்கு" என்றார். இன்னொருவர், "அந்தப் பொண்ணு மூச்சு விடுறதைக் கேட்டீங்களா? பழைய காகிதம் மட்டும்தான் அந்த மூச்சை விடும்" என்றார். மூன்றாமவர் அழுதே விட்டார். பின்னறையில் டெஸ்டர் அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு எட்டு மாதம்தான் நீடித்தது. ஒரு பெரிய ரெக்கார்டிங் வந்தது. பாட வருகிற அம்மாவுக்கு ஒரு பழக்கம்; தரையில் வெறுங்கால் படாவிட்டால் சுருதி நிற்காது என்பாள். அவளுக்காக, அப்பா போன நாளிலிருந்து கட்டிவைத்திருந்த இரண்டாவது பெட்டியை இறக்கச் சொன்னார் முதலாளி. ரெக்கார்டிங்குக்கு முதல் நாள் மத்தியானம் டெஸ்டர் அக்கா அதைச் சொருகிப் பார்த்தாள். டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சொருகின வேகத்திலேயே பிடுங்கினாள்.

"சார், தகரத்துலயே கரண்டு நிக்குது. மைக் ஒயர் வழியா அந்தம்மா கைக்குப் போயிரும். காலுல செருப்பும் இருக்காது. உசுருக்கே ஆபத்து சார்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. என்ன ஆச்சு? ஒண்ணையும் மாத்தாமதானே சரியாச்சு? தொடச்சு வை, தானா சரியாயிரும்."

அவள் வாயால் சொன்னதையே அவர் திருப்பிக் கொடுத்துவிட்டாரே.

மறுநாள் காலையில் பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"ஸ்டுடியோவுக்கு. திரும்பி வரும்போது வேலை இருக்காது."

அவன் கடைசிப் பித்தானையும் போட்டு முடித்தான். பிறகு, "அந்தப் பாட்டுக்காரம்மாவை நம்ம பஸ்ல ஒருநாள் பார்த்தேன். இறங்கும்போது எனக்கு நன்றி சொன்னாங்க" என்றான். பஸ்ஸில் யாரும் டிரைவருக்கு நன்றி சொல்வதில்லை. போய் வா என்பதை அவனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

பதினொரு மணிக்கு மெஷின் அறையில் முதலாளி, சவுண்டுக்காரர், மூன்று நரைத்தாடிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாட்டுக்காரம்மா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தாள். டெஸ்டர் அக்கா டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். காகிதமும் மெழுகும் பொலபொலவென்று கொட்டின.

"இதுதான் சார் உங்க அப்பா காலத்துக் கண்டன்சர். எட்டு மாசமா எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. முதல் பெட்டியில இருக்கறது எல்லாம் புதுசு. நான் மறைச்சது தப்பு. ஆனா ரெண்டாவதை மாத்தாம சுவிட்சு போட்டீங்கன்னா அந்தம்மா விழுந்துருவாங்க."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் நரைத்தாடிகள் முந்திக்கொண்டார்கள்.

"அதான் பார்த்தேன். எட்டு மாசமா ஏதோ சில்லுன்னு இருந்துச்சு."

"பிளாஸ்டிக் வாசனை. நான் சொல்ல வேண்டாம்னு விட்டேன்."

சவுண்டுக்காரர் மூன்றாமவரைப் பார்த்தார். "போன வாரம் அழுதீங்களே சார்?"

"அது ஏசி காத்து. கண்ணுல பட்டுது."

"ரெக்கார்டிங்ல ஏசி போட மாட்டோமே சார்."

"நிறுத்துய்யா!" முதலாளி காகிதச் சுருள்களை இரண்டு கையாலும் அள்ளினார். "அப்பாவோட உள்ளத்தையே உருவிட்டியேம்மா! இதையெல்லாம் மறுபடி உள்ள வை. இப்ப ரெண்டாவது பெட்டியைப் போடு. முடியாதுன்னா வெளிய போ."

சவுண்டுக்காரரின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது. போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவர் தரையைப் பார்த்தார்.

டெஸ்டர் அக்கா இரண்டாவது பெட்டியின் பின்னால் போனாள். மூடியைத் திருகி ஃபியூஸை எடுத்தாள். எடுத்ததை எல்லாரும் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். திருடுகிறவள் காட்டிவிட்டா எடுப்பாள்?

"இதை எடுத்துட்டுப் போறேன் சார்."

"போயேன்! ஒரு ஃபியூஸ்தானே? கடையில புதுசா ஒண்ணு..."

முதல் நரைத்தாடி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "புது ஃபியூஸா?"

"சத்தம் போயிருமே சார்" என்றார் இரண்டாமவர்.

முதலாளி ஃபியூஸைப் பார்த்தார். அதன் ஓர உலோகத்தில் தேய்ந்த எழுத்துகள் இருந்தன. அப்பா காலத்து எழுத்துகள். திருப்பிக் கொடு என்று இவளிடம் கேட்க வறட்டுக் கௌரவம் விடாது. புதுசு போட மனசு ஒப்பாது. பதினொரு வருஷம் அந்த அறையில் இருந்தவளுக்கு அது தெரியாதா? அந்தப் பெட்டி இனி ஒரு பொழுதும் எரியாது.

"முதல் பெட்டியும் உங்களுக்கு ஆகாதுன்னா, லிமிட்டரே இல்லாம எடுத்துரலாம் சார்" என்றார் சவுண்டுக்காரர், கையைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டு.

டெஸ்டர் அக்கா ஃபியூஸைப் பர்ஸில் போட்டாள். டெஸ்டரைக் கொண்டையில் குத்தினாள். போகிற வழியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிற பொத்தானை அமுக்கி, "அம்மா, இன்னிக்கு மட்டும் செருப்பு போட்டுக்குங்க" என்றாள். பாட்டுக்காரம்மா ஒன்றும் புரியாமல் தலையாட்டி, சுவரோரம் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். டெஸ்டர் அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தடித்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். உள்ளே, பழைய ஃபியூஸ் எந்த ஊரில் கிடைக்கும் என்று மூன்று தாடிகளும் சண்டை பிடிக்க ஆரம்பித்திருந்தன.