கட் சொன்னதும் எழுந்துவிடும் கோமதிநாயகம் அண்ணாச்சி

செய்தி வந்தபோது நான் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் வரவில்லை. கோமதிநாயகம் அண்ணாச்சியின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருந்தது. மாலை போட்ட அவருடைய புகைப்படம். நான் எடுத்ததுதான். "அஞ்சாம் பாகம் ஆரம்பிச்சாச்சா அண்ணாச்சி? வாழ்த்துகள்" என்று பதில் போட்டேன். சற்று நேரத்தில் அவர் மகன் சங்கர் அழைத்தான்.

"சித்தப்பா, இது படம் இல்ல. அப்பா வெடியக்காலம் போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவ, அவ்வளவுதான்."

பேய்ப்படம் பார்க்காதவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தென்காசிப் பக்கத்து இலஞ்சிக்காரர். சென்னைக்கு வந்து சினிமாவில் ஏட்டாகவும் பண்ணையாரின் கணக்குப்பிள்ளையாகவும் ஓரமாக நின்று கொண்டிருந்தவருக்கு ஒரு பங்களாப் பேய்ப்படத்தில் செத்துப்போன அண்ணன் வேடம் கிடைத்தது. சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்க வேண்டும், இருட்டில் இரண்டு முறை வந்துபோக வேண்டும். அந்தச் சுவர்ப் படத்தை எடுக்கத்தான் ஸ்டில் போட்டோகிராபரான என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அந்தப் பக்கத்துச் சுரண்டைக்காரன் என்றதும், "அப்பம் நம்ம பையன். மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக் காட்டுலே" என்றார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்தடுத்துப் பாகங்கள் வந்தன. கதாநாயகிகள் மாறினார்கள், பங்களா மாறியது, அண்ணாச்சி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பாகத்திலும் பிளாஷ்பேக் வைத்து அவரைப் புதிதாக ஒரு முறை கொன்றார்கள். பேய்க்கு வயதாகக் கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தலைக்கும் மீசைக்கும் விடாமல் மை அடித்தார். "ஹீரோவுக்கு உசுரோட இருந்தாத்தான் மார்க்கெட்டு. நமக்குச் செத்தாத்தாம்லே சோறு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியில், கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது, அவர் மட்டும் என் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேய்க்கு அங்கே இடமில்லை.

பிணமாகப் படுத்தால் நிஜப் பிணம் தோற்றுவிடும். நெஞ்சு அசையாது. இடது இமை மட்டும் கடைசியில் லேசாகத் துடிக்கும். அது என் லென்ஸுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். டைரக்டர் கட் சொன்னதும் எழுந்து, மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முதல் வேலையாக வீட்டுக்குப் போன் செய்வார். "எந்திச்சிட்டேன்." அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. அந்தப் போன் வரும்வரை அவர் மனைவி செண்பகம் மதினி பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. யார் எவ்வளவு கேலி செய்தும் இருவரும் அதை விடவில்லை.

இரண்டாம் பாகத்தைக் குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் எடுத்தோம். சாரல் விட்டுவிட்டு அடித்ததில் பாடைக் காட்சி பொழுது சாயும்வரை இழுத்தது. குளிக்க வந்த பெண்கள் சிலர் பாடையைப் பார்த்து நிஜமாகவே அழுதார்கள். ஷாட் முடிந்து எழுந்தவர் போனை நாலு பக்கமும் தூக்கிப் பார்த்தார். சிக்னல் இல்லை. "ஏலே, வண்டிய எடுத்துட்டு இலஞ்சிக்குப் போ. நேர்ல சொல்லிரு. அவ பட்டினியாக் கெடப்பா."

போனேன். மதினி வாசலிலேயே நின்றிருந்தார். என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"எந்திச்சாவளா?"

"எந்திச்சிட்டாவ மதினி."

அதன் பிறகுதான் உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அன்றிலிருந்து அண்ணாச்சியால் போனில் பேச முடியாதபோதெல்லாம் அந்தச் சேதியைச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

செய்தி வந்த மறுநாள் தென்காசியில் இறங்கியபோது பேருந்து நிலையத்தின் எதிரே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதே சுவர்ப் படம். கல்லூரிப் பையன் ஒருவன் அதன் முன்னால் செல்பி எடுத்துக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர், "அஞ்சாம் பாகம் எப்பம் ரிலீசு?" என்று என்னிடம் கேட்டார். நிஜம் என்று சொன்னேன். "சும்மா சொல்லாதீய" என்று டீயை ஆற்றினார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் நாணயம், மை அடித்த மீசை. நாலாம் பாகத்தில் நான் படம் பிடித்த அதே கோலம். வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு உடனே நகரவில்லை. அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இடது இமையைப் பார்த்தேன். சுடுகாட்டில் சங்கர் தோளில் குடத்தோடு சுற்றி வந்தபோதும் பார்த்தேன். குடம் உடைந்தது. யாராவது கட் சொல்லிவிட மாட்டார்களா என்று என் காது அலைந்தது. முகத்தையும் மூடிய பிறகு எனக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினோம். மதினி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில், அண்ணாச்சி எப்போதும் அழைக்கும் அந்தப் போன். பக்கத்தில் யாரோ வைத்த காப்பி ஆடை படிந்து கிடந்தது. நேற்றுக் காலையிலிருந்து ஒரு வாய்கூட வாங்கவில்லை என்று மதினியின் தங்கை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்க கடைசி வரைக்கும் அங்கனதான் நின்னியளா?"

"நின்னேன் மதினி."

"எந்திச்சாவளா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"இல்ல மதினி. எந்திக்கல."

மதினி போனை அணைத்துத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பிக்குக் கையை நீட்டினார்.

மதினி குடித்துவிட்டார், அண்ணாச்சி. இனி நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.