பின்லாந்துக்குப் போன ஓட்டும் ஹில்டாவின் மூக்குக்கண்ணாடியும்

சாட்சி பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வாக்காளரின் கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர், பெற்றோர் ஆகியோருள் ஒருவராக இருக்கக் கூடாது. வாக்கு ரகசியமாகவும், எவருடைய நெருக்குதலும் இல்லாமலும் பதியப்பட்டது என்று உறுதிகூறிக் கையெழுத்திட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பின்லாந்துக்காரர் தம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அஞ்சல் வழியாக வாக்களிக்க, இப்படி இரண்டு சாட்சிகள் தேவை. தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்தெருவில் வசிக்கும் ஹில்டா, முதல் நிபந்தனையை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறைவேற்றிவிட்டார். இரண்டாவதில் சின்ன உறுத்தல் உண்டு. மாடியில் குடியிருக்கும் பின்லாந்துக்காரர் ஸாமுலியை அவர் மீன் சந்தை முழுக்க "எம் மவன்" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார். மூன்றாவது நிபந்தனைக்கு, ஊரையே சல்லடை போட்டுத் தேடினாலும் ஹில்டாவைவிடப் பொருந்தாத ஆள் கிடைப்பது கடினம்.

ஹில்டா பூத் ஏஜெண்ட். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு தேர்தலன்று, அப்போது ஏஜெண்டாக இருந்த கணவர் மனுவேலுக்குக் காய்ச்சல். கட்சிக்காரர்கள் பதறியபோது, "அந்த நாற்காலில நா உக்காந்தா உடஞ்சா போவும்?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ள ஆள்தானா வந்திருப்பது என்று பார்ப்பதுதான் ஏஜெண்டின் வேலை. ஹில்டா கூடுதலாக ஒன்று பார்ப்பார்: வாக்களிப்பவரின் முழங்கை. அட்டை மறைப்புக்குப் பின்னால் கை என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டியலில் மேலே உள்ள பெயரென்றால் முழங்கை எழும்பும், கீழே உள்ளதென்றால் தோள் சாயும். சாயங்காலம் பூத்தைவிட்டு வெளியே வரும்போதே கட்சிக்கு எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார். எண்ணி முடித்த பிறகு பார்த்தால் ஏழு ஓட்டுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. ஒருமுறை மனுவேல் மாற்றிப் போட்டதையும் தோளிலேயே படித்தார். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை.

இத்தனைக்கும், ரகசிய வாக்கெடுப்பின்மேல் அவரைப்போல் பக்தி கொண்டவரைப் பார்ப்பது அரிது. யாராவது செல்போனோடு மறைப்புக்குள் போனால் ஊரே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்.

பக்கத்து நாற்காலியில் அதே முப்பத்தொரு வருடமும் உட்கார்ந்திருப்பவர் வேல்ராஜ், எதிர்க்கட்சி ஏஜெண்ட். பீச் ரோட்டில் வலைக்கயிறும் தூண்டிலும் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஹில்டாவைவிட இரண்டு வயது இளையவர். தேர்தல் நாளில் இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் புகார் செய்வார்கள்.

ஸாமுலி இரண்டு வருடத்துக்கு முன் துறைமுகத்துக்கு வந்தவர். காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிறார். பெயரைத் தெரு உடனே சாமுவேல் என்று திருத்திக்கொண்டது. அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் கிரேனுக்கடியில் கற்றது. சோறு போதும் என்றால் கையை உயர்த்தி "நிறுத்து" என்பார்; இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்றால் "மெதுவா இறக்கு."

ஜனவரியில் அவருக்கு ஓர் உறை வந்தது. தேர்தல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால், முதலிரண்டு பேருக்குள் மறுபடி போட்டி. இரண்டு சுற்றுக்கும் தனித்தனித் தாள், சுற்றுக்கு ஒன்றே ஒன்று. தாளில் பெயர் இல்லை, சின்னம் இல்லை. ஒரு வட்டம் மட்டும். வேட்பாளரின் எண்ணை அதற்குள் எழுத வேண்டும்.

"ஒண்ணாம் நம்பரு யாரு?" என்று கேட்டார் ஹில்டா.

எண் இரண்டிலிருந்துதான் தொடங்கும், முதலிடம் என்ற அனுகூலம் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதற்காக அப்படி, என்று ஸாமுலி விளக்கினார்.

"அப்ப ரெண்டாம் நம்பர்க்காரன்தான மொதல்ல இருக்கான்?" என்றார் வேல்ராஜ். பின்லாந்து இதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

சாட்சி சொல்ல இருவரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். ஹில்டா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஸாமுலி தாளை இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பேனாவைக்கூட மூடவில்லை, அதற்குள் ஹில்டா சொல்லிவிட்டார்.

"உருண்டையா வயிறு உள்ள நம்பரு. சரிதானப்பா?"

ஸாமுலியின் காது மடல் சிவந்தது. அதுவே பதில்.

"யக்கா!" வேல்ராஜ் எழுந்துவிட்டார். "இது செல்லாது. நா கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏலே, நா தாளையா எட்டிப் பாத்தேன்? தோளத்தான பாத்தேன்."

"எதப் பாத்தா என்ன? ரகசியமுன்னு எழுதியிருக்கு. நீ நாலு வீட்டுக்குக் கேக்க சொல்லுதே."

"முப்பது வருசமா பக்கத்துலதான இருக்கே. ஒரு நாளு இப்பிடிக் கேட்டுருக்கியா?"

"அது நம்ம ஊரு ஓட்டு. இது அடுத்தவன் நாட்டு ஓட்டுலா!"

ஸாமுலி விதியை எடுத்து மறுபடி படித்தார். தாளை மடித்து ஒரு புத்தகத்துக்குள் வைத்தார். "போகாது" என்றார். கப்பலில் ஏற்ற முடியாத சரக்கைப் பற்றி அவர் சொல்லும் அதே வார்த்தை, அதே குரல்.

அவர் கோபப்பட்டிருந்தால் ஹில்டா சமாளித்திருப்பார். பதினெட்டு வயதிலிருந்து ஸாமுலி ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை என்பதும், ஒரு பனிக்காலத்தில் வண்டி சிக்கிக்கொண்டபோது ஒன்பது கிலோமீட்டர் நடந்துபோய் ஓட்டுப் போட்டவர் என்பதும் மனுவேல் மூலமாகத்தான் ஹில்டாவுக்குத் தெரியவந்தது.

"நமக்கு பூத்து எதிர்த் தெருவுல. நானே ரெண்டு தடவ போகல" என்றார் மனுவேல்.

"எந்த ரெண்டு தடவன்னு எனக்குத் தெரியும்" என்றார் ஹில்டா.

அன்று மாடிக்கு அனுப்பிய மீன்குழம்பு தொடாமல் திரும்பி வந்தது. மறுநாளும்.

முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டவில்லை. ஸாமுலிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தாள். உறை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய ஊர்த் தேர்தல் குழுவின் மேசையில் இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கூரியர் அவ்வளவு தூரம் போக ஐந்தாறு நாள் ஆகும். தில்லித் தூதரகத்துக்கு நேரில் போகலாமென்றால், அந்த வாரம்தான் இறக்கை ஏற்ற வேண்டிய கப்பல். ஆக, வியாழக்கிழமை மூன்று மணிக்குள் கூரியர் கடையில் கொடுத்தால் ஓட்டு. இல்லாவிட்டால் இந்தத் தேர்தலே அவருக்கு இல்லை.

துறைமுக அலுவலகத்தில் சாட்சிக்கு ஆளா இல்லை? எட்டுப் பேர் கை தூக்கினார்கள். ஒருவர் போட்டோ எடுக்கவும் ஏற்பாடு செய்தார். ஸாமுலி அவர்களை விட்டுவிட்டு நேராக வேல்ராஜின் கடைக்குப் போனார். இந்த ஊரில் தன்னிடம் 'முடியாது' என்று சொன்ன ஒரே மனிதரைத்தான் அவர் நம்பினார்.

வேல்ராஜ் நெகிழ்ந்துதான் போனார். ஆனாலும் நிபந்தனை போட்டார். "நா வாரேன். ஹில்டாக்காவும் வரணும்."

"ஹில்டாம்மா பார்ப்பாங்க" என்றார் ஸாமுலி.

"பாக்கத்தான் செய்வா. அதுக்காவ? எதிர்க்கட்சி இல்லாத பூத்துல நா ஒரு நாளும் உக்காந்தது கெடயாது."

வியாழன் பகல் ஒரு மணிக்கு அதே மேசை. வேல்ராஜ் இம்முறை தயாராக வந்திருந்தார். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கழுத்தளவுக்குக் குறைத்து, ஒரு பக்கத்தை வெட்டி, மேசைமேல் நிறுத்தினார். வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. ஸாமுலியைச் சுவருக்கும் அட்டைக்கும் நடுவில் உட்காரவைத்தார். எதிரே இருந்து பார்த்தால் தோளும் தெரியாது, முழங்கையும் தெரியாது. ஹில்டாவுக்கு அந்த எதிர் நாற்காலி. வேல்ராஜ் சுவரோரமாக, ஹில்டாவைப் பார்த்தபடி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

"நீ ஏம்லே என் மொகத்தையே பாக்கே? ஓட்டு அங்கனலா நடக்கு?"

"அங்கன ஒரு தப்பும் நடக்காது. நடந்தா இங்கனதான் நடக்கும்."

"ரொம்ப நல்ல ஏஜெண்டு! இவ்வளவு திறமைய நம்ம பூத்துல காட்டியிருந்தா உங்க கச்சி ஒரு தடவயாவது ஜெயிச்சிருக்கும்."

"யக்கா, பேச்சக் கொற. தேர்தல் நடக்கு."

ஹில்டா நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே பார்த்துவிட்டார். ஸாமுலியின் தலைக்கு மேலே, சுவரில், பனிமய மாதா படம். ஆணியில் மாட்டிய எல்லாப் படங்களையும்போல அதுவும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதன் கண்ணாடிக்குள் மேசை தெரிந்தது, வெள்ளைத் தாள் தெரிந்தது, வட்டம்கூடத் தெரிந்தது. பேனா வட்டத்துக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தது. பனியே பெய்யாத ஊரின் பனிமய மாதா, பனி நாட்டு ஓட்டை ஹில்டாவுக்காக ஏந்திக்கொண்டிருந்த மாதிரி.

முப்பத்தொரு வருடத்தில் தோளும் முழங்கையும்தான் அவருக்குக் கிடைத்தவை. தாளே கிடைத்தது இன்றுதான். வேல்ராஜுக்கு முதுகுப்பக்கம் படம். அவருக்குத் தெரிய வழியில்லை. அட்டைக்குப் பின்னால் இருந்த ஸாமுலிக்கும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஓட்டும் போகும், விஷயமும் கையில் இருக்கும்.

"எழுதலாமா?" என்று அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிசம் நிறுத்து" என்றார் ஹில்டா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேல்ராஜிடம் நீட்டினார். "ஏலே, இதப் புடி."

"எதுக்கு?"

"வேர்க்குது."

வேல்ராஜ் சந்தேகத்தோடு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரம் தாண்டி ஹில்டாவுக்கு எல்லாமே புகை. ஆனாலும் அவர் தன்னை அவ்வளவு நம்பவில்லை போலிருக்கிறது. கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். "ம், எழுது" என்றார்.

அவர் ஜெபம் சொல்கிறார் என்று வேல்ராஜ் நினைத்தார். அவரும் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

தாள் மடிக்கப்பட்டது, சின்ன உறைக்குள் போனது, ஒட்டப்பட்டது. ஹில்டா கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டி, சாட்சிப் படிவத்தின் ஆங்கிலப் பகுதியை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். வேல்ராஜ் அடுத்து. மனுவேல் ஸாமுலியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டரை மணிக்குக் கூரியர் கடையில் இறக்கினார்.

வண்டி தெருமுனை தாண்டியதும், சட்டத்தின் காவலராக அதுவரை இருந்த வேல்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, சொல்லு. வயிறு வச்ச நம்பரா, கம்பு மாதிரி நம்பரா?"

"தெரியாது."

"யக்கா, எங்கிட்டயா?"

"தெரியாதுங்கேன்லா."

வேல்ராஜ் நம்பவில்லை. தெருவும் நம்பவில்லை. உறை அடுத்த புதன்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டதென்று ஸாமுலி செல்போனைக் காட்டினார். அன்று மாடிக்குப் போன மீன்குழம்புச் சட்டி காலியாக இறங்கியது. தேர்தல் முடிவு வந்த திங்கட்கிழமை காலை அவர் இடியாப்பம் சாப்பிட வந்தபோது, ஜெயித்த மகிழ்ச்சியா தோற்ற வருத்தமா என்று மனுவேல் அந்த முகத்தை நெடுநேரம் ஆராய்ந்தார். ஹில்டா தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மீன் சந்தையில் கடை போட்டிருக்கும் பேச்சிச்செல்வி விடவில்லை. "ஏக்கா, ஒம் மவன் ஓட்டு ஜெயிச்சவருக்கா தோத்தவருக்கா?"

"தெரியாதுளா."

"ஒனக்கா தெரியாது! கடலுக்கடியில கெடக்கவன் ஓட்டக்கூட சொல்லுவியே."

ஹில்டாவின் பெயர் முன்னைவிடக் கூடிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறவர் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. தெரிந்தும் சொல்லாதவர் என்ற பெயரும் இப்போது சேர்ந்திருக்கிறது. எத்தனை முறை உண்மையைச் சொன்னாலும் அது அந்தப் பெயரைத்தான் வளர்க்கிறது. அவரும் மறுப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் திருத்தும் வேலையில் இருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரி முதல் வியாழன், பகல் ஒரு மணி சுமாருக்கு, ஹில்டா கண்ணாடியைக் கழற்றி வேல்ராஜிடம் கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், உறை ஒட்டிய பிறகு கண்ணைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார்.