அவளுடைய முதல் எண்ணிக்கை

மாத்தளை டவுனில் என் கணவரின் அண்ணனுக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அவர் டொக்டர் அல்ல. இளவயதில் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். ஆனால் கடைக்கு வருகிற சிங்களவர்கள் அவரை டொக்டர் மாத்தயா என்பார்கள், நம்மவர்கள் டொக்டர் ஐயா என்பார்கள். ஒருவரையும் அவர் திருத்தியதில்லை.

என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது முழங்கால் வலிக்கிறது என்று அழத் தொடங்கினாள். பின்னேரங்களில் காய்ச்சல் வரும். கழுத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் தட்டுப்பட்டன. நான் ஆசிரியை. விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். என் கணவர் அண்ணனைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றார். அண்ணன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வாதக் காய்ச்சல்மா. இதுக்குப் போய்க் கண்டி வரைக்கும் அலைவாங்களா? நான் இருக்கேன்ல."

ஒரு தாளில் சின்ன வெள்ளை மாத்திரைகளை மடித்துக் கொடுத்தார். என்ன மாத்திரை என்று கேட்டேன். "சத்து மாத்திர" என்றார்.

அந்த மாத்திரை செய்த வேலையை எப்படிச் சொல்வது? இரண்டு மூன்று நாட்களில் பிள்ளை ஓடினாள். கட்டிகள் கரைந்தன. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. எங்கள் பங்கையும் சேர்த்து அவளே தின்றாள். கன்னங்கள் உப்பி வந்தன. மாமியார் அம்மனுக்கு மாவிளக்கு போட்டார். அந்தப் பூசையில் முதல் மரியாதையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். நானும்தான் அவர் காலில் விழுந்து எழுந்தேன்.

சில வாரங்களில் மாத்திரை தீர்ந்தது. பிறகு அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவில்லை. மூக்கில் பிடித்த லேஞ்சுத் துணி ஒன்றுக்கு மேல் ஒன்றாக நனைந்தது. அப்போதுதான் கண்டிக்குப் போனோம். அண்ணனும் கூட வந்தார். அவர் இல்லாமல் போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

எலும்பில் ஊசி ஏற்றிப் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்ன டொக்டர் ஒரு சிங்களப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். என் முகத்தைப் பார்த்தே பேசினார். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே மாதிரிப் போவதில்லை என்றார். சில பிள்ளைகளை இலேசான மருந்திலேயே பிடித்து நிறுத்திவிடலாம். சிலருக்குக் கடுமையான மருந்தும், கொழும்பில் தலைக்குக் கதிரும் வேண்டியிருக்கும். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பதைச் சில அடையாளங்கள் முன்கூட்டியே சொல்லும். பிள்ளையின் வயது ஒன்று. மருந்து எதுவும் உடம்பில் போகுமுன் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எத்தனை இருந்தன என்பது இன்னொன்று. வெளிநாடுகளில் அணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் நூல்களைக்கூட எண்ணிப் பார்க்கிறார்கள். இங்கே அதற்கு வசதி இல்லை. ஆகவே அந்த முதல் எண்ணிக்கைதான் எல்லாம் என்றார்.

"உங்கள் மகளுக்கு அது குறைவாக இருக்கிறது. நல்ல அடையாளம்" என்றார். பிறகு கேட்டார்: "இதற்கு முன் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா?"

எங்கள் குடும்பத்தில் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது பெற்றவர்கள் வாய் திறப்பதில்லை. டொக்டர் கேட்டது என்னை. பதில் சொன்னது அண்ணன்.

"டொனிக்கும் சத்து மாத்திரையும்தான்."

டொக்டர் என் மகளின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். இது எப்போதும் இப்படியா என்று கேட்டார்.

"எங்க குடும்பத்துக்கே உருண்ட மூஞ்சி" என்றார் அண்ணன். சிரிக்கவும் செய்தார்.

திரும்பி வருகிற ரயிலில் எதிர் ஆசனத்தில் அவரும் என் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கன்னம் ஒட்டிய நீண்ட முகம். மாமியாருக்கும் அப்படித்தான். வத்தேகம ஸ்டேஷன் வருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மாத்திரைதான் கன்னத்தை உப்ப வைத்தது, கட்டியையும் கரைத்தது. கட்டியைக் கரைத்தது வெள்ளை அணுக்களை மட்டும் விட்டு வைத்திருக்குமா? டொக்டர் நல்லது என்று சொன்ன எண்ணிக்கை என் மகளுடையது அல்ல. அந்தக் கடைக்காரர் செய்து கொடுத்தது. அதை நம்பி இலேசான மருந்து கொடுத்தால் பிள்ளை என் கையில் இருந்தே போய்விடுவாள்.

அடுத்த நாள் காலை அவர் கடை திறக்கிற நேரத்துக்குப் போனேன். என் கணவர் பின்னால் ஓடி வந்தார். வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கடையில் எல்லோரும் காத்திருக்கிற நீள மர வாங்கு அது. அண்ணன் அம்மன் படத்துக்குக் கற்பூரம் கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், என் புள்ளைக்கு என்ன மாத்திர குடுத்தீங்க?"

"சத்து மாத்திரன்னு எத்தன தடவ சொல்றது? காலங்காத்தால கடைக்கு வந்து..."

"அப்ப கற்பூரத்த அணைச்சு சொல்லுங்க."

எங்கள் ஆட்களிடையே இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் பொய் சொன்னால் சொன்னவன் வம்சம் அணையும் என்று தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் எலும்பில் ஊறியிருக்கிறது. அவருக்கு ஒரே மகன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

"விடு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று என் கணவர் தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க. அணைங்க அத்தான். சத்து மாத்திரதானே? பயம் எதுக்கு?"

வாங்கில் இருந்த ஒரு கிழவர் இருமலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அணைச்சிட்டுப் போங்களேன் ஐயா. எங்களுக்கும் மருந்து வேணும்ல."

அண்ணன் கை தட்டுக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் மாத்திரையின் பெயரைச் சொன்னார். பிரட்னிசொலோன்.

"சத்தமா" என்றேன்.

சொன்னார்.

அன்றைக்கே அவரைக் கண்டிக்கு இழுத்துப் போய் டொக்டர் முன்னால் நிறுத்தினேன். இந்தத் தடவையும் அவரே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். டொக்டர் அவரைத் திட்டவில்லை. இந்த நோய்க்கு முதலில் கொடுக்கிற மருந்தே அதுதான் என்றார். பேனாவை எடுத்து அந்த எண்ணிக்கையின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இனி அதை யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. மோசமான பக்கம் என்று வைத்துக்கொண்டுதான் மருந்து கொடுக்க வேண்டும்" என்றார்.

அப்படித்தான் கொடுத்தார்கள். வாய் முழுக்கப் புண். நரம்பில் ஏற்றிய ஊசியால் கால் பெருவிரல் தரையில் இழுபட நடந்தாள். கொழும்பில் தலைக்குக் கதிர் வைத்தார்கள். இடுப்பு வரை இருந்த முடி தலையணையோடு போனது. இதெல்லாம் அவளுக்குத் தேவையாக இருந்திருக்கலாம். தேவையே இல்லாமலும் இருந்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் அந்த மனிதர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஒவ்வொரு கிளினிக் நாளும் கண்டியிலிருந்து திரும்பியதும் நான் நேராக வீட்டுக்குப் போவதில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் வாங்கில் உட்காருவேன். மொட்டைத் தலையை மூட மாட்டேன். மருந்து வாங்க வருகிறவர்கள் ஐயோ, பிள்ளைக்கு என்ன என்று கேட்பார்கள். தமிழில் கேட்டால் தமிழிலும் சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலும் சொல்வேன்: "டொக்டர் ஐயாவ கேளுங்க. அவர் குடுத்த சத்து மாத்திரதான்." சிலர் வந்த காலோடு திரும்பிப் போவார்கள். அவர் போத்தல்களைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

மாமியார் அழுதார். "குடும்ப மானத்த சந்தியில வச்சு ஏலம் போடுறியேடி" என்றார். என் கணவர் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் போனபோது வாங்கைக் காணவில்லை. பின்கட்டுக்குத் தூக்கிவிட்டிருந்தார். அடுத்த முறை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதற்கடுத்த முறை வாங்கு பழைய இடத்தில் இருந்தது. மகள் அதில் கால்களை ஆட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "பெரியப்பா ஏம்மா நம்மளப் பாக்கவே மாட்டேங்கிறாரு?"

"கண்ணு கூசுது" என்றேன்.

மூன்று வருடம் இப்படிப் போனது. போன மாதம் டொக்டர் மருந்தை நிறுத்தினார். முடி வளர்ந்திருக்கிறது. கால் விரல் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. இனி வராதுதானே என்று கேட்டேன். டொக்டர் பழைய கோப்பைப் புரட்டி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். முதல் எண்ணிக்கை இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், இப்போது பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்றார். ஒரு சளி பிடித்தால், பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் சிவந்தால் உடனே அவள் கழுத்தில் கட்டி தேடுகிறேன். இனி எத்தனை வருடம் இப்படி என்று தெரியவில்லை.

மருந்தை நிறுத்திய அன்றைக்கும் கடைக்குப் போனோம். அவர் முதல் தடவையாகப் போத்தல்களை விட்டுவிட்டு வெளியே வந்தார். கிழடு தட்டிப் போயிருந்தார். என் மகளின் தலையைத் தொடக் கையை நீட்டி, என் முகத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா சொன்னாங்க? புள்ளைக்கு இனிமே பயமில்லதானே?"

வாங்கில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.

"உங்ககிட்டதான் கேக்கச் சொன்னாங்க, அத்தான்."

பிறகு மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிழவர் ஒருவர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தேன்.