பத்து லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றாவது பல்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கியருக்குப் பல் வெட்ட வேண்டுமென்றால் எவனும் என் பட்டறை வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். ஒற்றை மெஷினை ஒன்பதாக்கியவன் நான். என்னிடம் முதலில் சேர்ந்த ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

பல் வெட்டுவதால் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். அதைக் கேட்டு ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோன பிறகு, பல்லுக்காரருக்குப் பட்டறை மாடியில் தனி அறை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி.

வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட அந்த மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். மனிதர் ஆடிப்போனார்.

"அவகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல முதலாளி. சும்மா உக்காந்திருந்தா எழுந்து போயிடுவாளே."

பேச வராதவர் கைக்கு வந்ததைச் செய்தார். பித்தளையில் மூன்று சக்கரம் வெட்டி, ஒன்றின் பல் அடுத்ததில் கடிக்கும்படி பலகையில் வரிசையாகப் பொருத்தி, முதல் சக்கரத்தில் கைப்பிடி வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லுக்குச் சிவப்பு. முதலில் மூன்று சிவப்பும் உச்சியில் நிற்கும். சுற்றினால் பிரியும். மறுபடி சேரும்வரை மகள் பக்கத்தில் இருப்பாள். அதுதான் அவர் கணக்கு.

பற்கள் 97, 101, 103. மூன்றும் எதனாலும் வகுபடாத எண்கள். அதனால் மூன்றையும் பெருக்கி வரும் அத்தனை பல் நகர்ந்தால்தான் மூன்று சிவப்பும் சேரும். தரையில் சாக்பீஸால் பெருக்கிப் பார்த்தேன்: 10,09,091. அதற்கு ஒரு பல் முன்னாலும் சேராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலியை நானே மாடிக்குத் தூக்கிப் போனேன். மகள் சிரித்தபடி சுற்ற ஆரம்பித்தாள். நூற்றியொரு சுற்றில் முதல் இரண்டு சிவப்பும் உச்சிக்கு வந்தன.

"அப்பா, சேந்துடுச்சு!"

"மூணாவது பன்னெண்டு பல்லு தள்ளி நிக்குதும்மா."

"கிட்டத்தட்டதானேப்பா?"

"அடுத்த தடவை இருபத்துநாலு தள்ளிப் போயிடும். இப்படி நூத்திமூணு தடவை வரணும்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்பா." அவர் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், இருபது, நாப்பது, அறுபதுன்னு வெட்டியிருந்தா ஆறே சுத்துல சேந்திருக்குமேய்யா!"

"அப்படி வெட்டினா அதே பல்லு அதே பல்லையே கடிச்சுத் தேஞ்சிடும் முதலாளி."

"விளையாட்டுச் சாமானுக்கு ஏதுய்யா தேய்மானம்?"

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை அப்படியே பழகிடுச்சு."

"விடுய்யா. மோட்டார் மாட்டித் தர்றேன், சாயங்காலத்துக்குள்ள சேந்துடும்."

"வேணாம் முதலாளி. மிச்சத்த அவளே சுத்தட்டும்."

அவள் இன்னும் வரவில்லை. அவர் பலகையைத் துடைக்கிறபோதெல்லாம் ஒரு கையால் கைப்பிடியை அசையாமல் பிடித்துக்கொள்கிறார்.