பத்து மணியிலிருந்து நாலு மணி வரை

வேடியப்பன் தன் பிள்ளைகளுக்கு அப்பாவாக இருக்க நீதிமன்றம் ஒதுக்கிய நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை. ஆறு மணி நேரம். இது போதவே போதாது என்று வக்கீலிடம் சண்டைகூடப் போட்டான். மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் ஆறு மணி நேரத்தை ஓட்டுவது எத்தனை பெரிய பாடு என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு பெங்களூர் வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசி மெக்கானிக் ஆனான். ஆடுகோடியிலேயே பிறந்து வளர்ந்த சரளாவைக் கட்டிக்கொண்டு சந்தாபுராவில் வாடகை வீட்டில் பதிமூன்று வருஷம் குடும்பம் நடத்தினான். இப்போது சரளா பிள்ளைகளோடு ஆடுகோடியில் தன் அப்பா வீட்டில் இருக்கிறாள். வேடியப்பனுக்கு ஒரு பிஜி விடுதியில், நாலு பேர் படுக்கும் அறையில், ஒரு கட்டில். பெண்கள் படியேறக் கூடாது என்று ஓனர் எழுதியே ஒட்டியிருந்தார். மூத்தவள் சங்கமித்ராவுக்குப் பதிமூன்று வயது. அவளை அங்கே கூட்டிப்போகும் பேச்சே இல்லை.

ஆரம்பத்தில் லால்பாக் கூட்டிப்போனான். கடைக்குட்டி அம்ருதா அரை மணியில் கால் வலிக்கிறது என்று புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நடுப்பிள்ளை தருண் எட்டு வயசுக்கே உரிய வேகத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஓடினான். இவளைத் தூக்குவதா, அவனைப் பிடிப்பதா? சங்கமித்ரா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஒரு மால். அங்கே தருண் இருபது நிமிஷம் காணாமல் போனான். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பையனைக் கொண்டுவந்து விட்ட பெண், "அம்மா வரலையா?" என்று கேட்டாள்.

பிறகு ஒரு ஞாயிறு பிடித்து அடித்தது மழை. சில்க் போர்டு சந்திப்பில் ஒதுங்க இடமில்லாமல், எதிரே வந்து நின்ற ஏசி பஸ்ஸில் நாலு பேரும் ஏறிவிட்டார்கள். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அது ஹெப்பாள் வரை போய்த் திரும்பியது. ஜன்னலில் தண்ணீர் வழிய, அம்ருதா மடியில், தருண் தோளில். சங்கமித்ரா முன் சீட்டில். யாரும் எங்கும் ஓடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டால் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு, எங்கோ விசேஷத்துக்குப் போகிற குடும்பம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ்தான். காலையில் பாஸ் வாங்கி, எது வருகிறதோ அதில் ஏறுவான். பையில் பொரி, தண்ணீர், அம்ருதாவுக்கு மாற்றுத்துணி, வாந்திக்கு ஒரு கவர்.

ஆனால் மூன்று வயதும் எட்டு வயதும் பதிமூன்று வயதும் ஒரே ஜன்னல் வழியாக ஒரே உலகத்தைப் பார்ப்பதில்லை. சிவப்பு வண்டி எத்தனை என்று அம்ருதாவோடு எண்ணினால் தருண், "இது பேபி கேம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். நம்பர் பிளேட் எண்களைக் கூட்டுகிற விளையாட்டில் தருண் ஜெயித்துக் கை தட்டினால் அம்ருதா தானும் ஜெயிக்க வேண்டும் என்று அழுவாள். விடுகதை போட்டால் சங்கமித்ரா போனில் தேடி இரண்டே நொடியில் விடை சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, "போதுமாங்க?" என்பாள். முன்பெல்லாம் அவனை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவாள். வீடு பிரிந்த பிறகு 'நீங்க' ஆகிவிட்டது. அந்த மரியாதை அவனைக் குத்தியது.

கூட வேலை செய்யும் கிளெமென்டிடம் ஒரு நாள் புலம்பினான்.

"பெரியவளையும் வெளையாட கூப்பிட்டா எப்படிப்பா வருவா? அவளுக்கு ஒரு வேல குடு. ஸ்கோர் எழுதச் சொல்லு. சின்னதுங்க ரெண்டையும் அவ பாத்துக்குவா," என்றான் கிளெமென்ட்.

அதன்படி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தான். சங்கமித்ரா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்கயும் நான்தான் பாத்துக்கணுமா?" என்று கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுதினாள். அம்ருதா தோற்கும்போது யாருக்கும் தெரியாமல் இரண்டு புள்ளி கூட்டிப் போட்டாள். சில மாதங்கள் அப்படி நன்றாகவே போயின. வாரத்தின் மற்ற ஆறு நாளும் வேடியப்பன் ஏணியில் நின்று ஃபில்டர் கழற்றும்போது அடுத்த விளையாட்டை யோசித்துக்கொண்டிருப்பான்.

எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியபோது தருண்தான் முதலில் குதித்தான். பஸ் போல ஆட்டம் இல்லை, அம்ருதாவுக்கு வாந்தி வரவில்லை. பாலத்தின் மேல் போவதால் இரண்டு பக்கமும் வீடுகளின் மொட்டை மாடிகள் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டி, காயும் துணி, உடைந்த சைக்கிள். வேடியப்பன் அதிலிருந்து புது விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தான். ஒரு மாடியைக் காட்ட வேண்டும்; அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு பொம்மசந்திரா வரை போய், திரும்பும் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஹெப்பகோடி தாண்டியதும் தருண் கை நீட்டினான்.

"அந்தப் பச்ச டேங்க் வீடு! அங்க ஒரு அப்பா இருக்காரு. ஏசி ரிப்பேர் பண்ணுவாரு. மூணு பசங்க. எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க."

வேடியப்பன் அந்த மாடி மறையும்வரை பார்த்தான். "அப்புறம்?" என்றான்.

"அப்புறம் நான் சொல்றேன்," என்று சங்கமித்ரா காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். "அந்த அப்பாவுக்கு வேல போயிடும். கோவம் கோவமா வரும். பெரிய பொண்ணு கையில ரிமோட்ட குடுப்பாரு. டிவிய சவுண்டா வெச்சு தம்பியையும் பாப்பாவையும் வெளையாட்டு காட்டிப் பாத்துக்கோன்னு சொல்லுவாரு. அப்புறம் சமையல்கட்டுக் கதவ சாத்திக்கிட்டு அம்மாவ அடிப்பாரு."

எதிர் சீட்டில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"கண்ணு... ஒரே ஒரு தடவதாம்மா," என்றான் வேடியப்பன் தணிந்த குரலில்.

"மூணு தடவ."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அந்த நாலு மாதம். அவன் இத்தனை நாளும் தனக்கும் வக்கீலுக்கும் சொல்லி வந்தது ஒரு தடவை என்றுதான். அது நிஜம் என்றே நம்பியும் இருந்தான். மூன்று என்று அவள் சொன்ன பிறகு மற்ற இரண்டும் நினைவுக்கு வந்தன.

"யாரு யார அடிச்சாங்க?" என்று கேட்டாள் அம்ருதா. தருண் ஜன்னல் பக்கம் திரும்பியவன்தான், அப்புறம் திரும்பவே இல்லை.

சில்க் போர்டில் இறங்கி வெளியே வரும்போது கேட் திறக்கவில்லை. டிக்கெட் எடுத்தால் இவ்வளவு நேரம்தான் உள்ளே இருக்கலாம் என்று விதி உண்டு. அவர்கள் மேலும் கீழும் போய் வந்ததில் அது தாண்டிப் போயிருந்தது. "இஷ்டு ஹொத்து ஒளகே ஏன் மாட்தித்ரி?" என்று காவலர் கன்னடத்தில் கேட்டார். இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்கிறார். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அபராதம் கட்டினான். மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

ஆடுகோடி பஸ் ஸ்டாப்பில் சரளா நின்றிருந்தாள். அவளிடம் போவதற்கு முன் வேடியப்பன் மகளின் பக்கத்தில் போய், "தப்புதான் கண்ணு," என்றான். அவள் காதில் மறுபடி இயர்போன் இருந்தது. கேட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கமித்ரா வரவில்லை.

"நான் தடுக்கலங்க. அவ வரமாட்டேங்கறா, நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள் சரளா. அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தருண் இன்னும் மூன்று வாரம் வந்தான். விளையாட்டு எதற்கும் சேரவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் கோச்சிங் என்றான்.

மிச்சமிருந்தது அம்ருதா மட்டும். அவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று துணிப்பொம்மை, ஸ்டிக்கர், சோப்புத்தண்ணீர் ஊதும் குழாய் எல்லாம் வாங்கிப் போனான். ரயில் கிளம்பியதும், "அக்கா எங்க?" என்றாள். பிறகு அண்ணன். பிறகு அம்மா. ஹொசரோடு ஸ்டேஷன் வருவதற்குள் அழுகை பிடித்துக்கொண்டது. தூக்கினால் திமிறினாள். பொம்மையைத் தரையில் எறிந்தாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் எழுந்து வந்து குழந்தையிடம், "இவரு யாரும்மா உனக்கு?" என்று கேட்டாள்.

அம்ருதா, "அம்மாகிட்ட போணும்," என்றாள். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

பிள்ளை கடத்துகிறவனோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த ஸ்டேஷனில் காவலர்கள் இறக்கி நிறுத்தினார்கள். ஆதார் காட்டினான். போனில் இருந்த படத்தைக் காட்டினான். அதில் அம்ருதா கைக்குழந்தை, முகம் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் சரளாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்கள். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ஆமாங்க. அவங்க அப்பாதான்," என்றது சரளாவின் குரல். கொஞ்சம் பொறுத்து, "பாப்பாவ கூட்டிட்டு வந்துடுங்க," என்றாள்.

மணி பதினொன்றரைகூட ஆகியிருக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டான். சரளாவைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

வக்கீலிடம் போய், சரளா தரப்பு எது கேட்டாலும் ஒப்புக்கொள்வதாக அவனாகவே சொன்னான். "எதுக்கு சார் விட்டுக் குடுக்கறீங்க?" என்றார் வக்கீல். "மூணு தடவ சார்," என்றான் வேடியப்பன். அவருக்கு விளங்கவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்கென்று இருக்கும் அறையில், ஒரு மணி நேரம். சங்கமித்ரா ஒருமுறையும் வரவில்லை. தருண் ஒரே ஒரு தடவை வந்து, ரன் எவ்வளவு எடுத்தான் என்று கேட்டதற்குப் பதில் சொன்னான். அம்ருதாவுக்கு அந்த அறை பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் அடுப்பும் சட்டிபானையும் ஒரு மூலையில் இருக்கின்றன. வந்ததும் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறாள். தனக்குத்தானே பேசிக்கொண்டு சமைக்கிறாள். விளையாட்டுக் காட்ட ஆள் தேவையில்லை.

வேடியப்பன் சுவரோரம் குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அவள் முதுகைப் பார்க்கிறான். போன மாதம் ஒருமுறை, "அப்பாவுக்குக் கொஞ்சம் சோறு போடுறியா கண்ணு?" என்று கேட்டுப் பார்த்தான்.

"இது அக்காவுக்கு," என்றாள் அம்ருதா, திரும்பாமலே.