ஐந்தாம் குட்டையின் எண்

"பி... பானு பி. எய்ட். டூ. டி... டீக்கட டி..."

மின்விசிறி சத்தத்துக்கு மேலே பானு இப்படித்தான் எண் படிப்பாள். பி-யும் டி-யும் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் அவளே செய்துகொண்ட ஏற்பாடு. எதிரே உட்கார்ந்து நான் டைப் அடிப்பேன்.

செங்கல்பட்டுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு சின்ன யூனிட். என் முதல் வேலை அது. பானுவின் வாப்பா செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். நான் படாளத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம்.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக ஒரு முகவரி எண் வேண்டும். ஒரே லைனில் இரண்டு போர்டுகளுக்கு ஒரே எண் இருந்தால், ஒன்று பேசுவது போய்ச் சேராது. அந்த எண்ணைப் போர்டுக்குள் எழுதுவதுதான் எங்கள் வேலை. ஒருத்தி அடிக்க வேண்டும், மற்றவள் திரையில் சரிபார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அது கட்டாயம்.

அன்று மதியம் பானுவுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி...

"கீதா, கொஞ்ச நேரம் பேக்கிங் ரூம்ல படுத்துக்கிறேன்டி. சாருக்குத் தெரிய வேணாம்."

"போ, நான் பாத்துக்கறேன்."

நான்கு போர்டுகள் பாக்கி. ஐந்து மணிக்குச் சரக்கு வேன். ஒரு போர்டு முடிந்ததும், அடித்த வரியையே திரும்ப வரவழைத்துக் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் மாற்றுவேன். ஒரு போர்டுக்கு மாற்ற மறந்துவிட்டேன். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் சரியான எண். உள்ளே முந்தைய போர்டின் எண்.

நான்குக்கும் பானுவின் கையெழுத்தை நானே போட்டேன். அவளுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் போர்டுகள் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஓர் எறால் பண்ணைக்குப் போயின. குட்டைக்கு ஒரு போர்டு. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் ஷெட்டில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி அலாரம் அடிக்கும்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் பண்ணைக்காரர் ஆறுமுகம் யூனிட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் இரண்டு போர்டுகள், பெட்டியில் ஒரே அளவைக் காட்டியவை. ஐந்தாம் குட்டை எறால் முழுவதும் செத்து மிதந்ததாகச் சொன்னார். அலாரம் அடிக்கவே இல்லையாம்.

யூனிட்டை நடத்தும் சார் அங்கேயே இரண்டு போர்டுகளையும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். ஒரே எண்.

ரிஜிஸ்டரைப் புரட்டினார். மொத்த யூனிட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு செக் பண்ணது? பானு, இது உன் சைன்தானே?"

பானு ரிஜிஸ்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது அவள் கையெழுத்து இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஆமா சார். நான்தான்."

சார் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவள் தலை குனிந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை... அன்றே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாள், திருத்திய போர்டுகளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வர என்னை அனுப்பினார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். பண்ணைக்குள் நுழையும்போதே நாற்றம். ஆறுமுகத்தின் மனைவி வலைக்கரண்டியால் மிச்சத்தை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுண்ணாம்பு தூவிய குழி. மேலே காக்கைகள்.

போர்டை மாட்டி முடித்தேன். பெட்டியில் ஐந்தாம் குட்டையின் அளவு தனியாகத் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணா... தப்பு பண்ணது நான்தான். கையெழுத்தும் நான் போட்டதுதான். பானு அப்ப அங்க இல்லவே இல்ல."

ஆறுமுகம் என் பக்கம் திரும்பினார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

"அப்போ நேத்து அந்தப் பொண்ணு இன்னாத்துக்குமா அவ்ளோ பேச்சு வாங்கிச்சு?"

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டேன்.

"எங்கைல சொல்லி இன்னா ஆவப்போவுது? செத்தது செத்துப்போச்சு. அங்க போயி சொல்லு."

அன்று மாலையே சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை இழுத்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னைப் பேக்கிங்குக்கும் பானுவைப் பழையபடி டேபிளுக்கும் மாற்றினார். பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பானுவிடம் போனேன்.

அவள் முகம் கொடுக்கவில்லை.

"நான் எல்லார் முன்னாடியும் நின்னு வாங்கினேன். நீ ரூம் கதவ சாத்திக்கினு சொல்லிட்டு வந்துகீற. வெளிய இன்னும் நான்தான்டி எறாவ சாவடிச்சவ."

வீடு போய்ச் சேரும்வரை அதுவே காதில் ஓடியது. மறுநாள் டீ நேரத்தில், எல்லோரும் கூடி நின்றபோது சொன்னேன். கிளாஸ் வைக்கிற சத்தம் மட்டும்.

பானு பல நாள் என்னோடு பேசவில்லை. ஒரு மதியம் அவளாகவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தள்ளு" என்றாள். நான் தள்ளி உட்கார்ந்தேன். அதைப் பற்றி இருவரும் அப்புறம் பேசியதே இல்லை.

இப்போது படூரில் ஓர் ஆபீஸில் இருக்கிறேன். அதே வேலைதான், ஆனால் கை படுவதில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்கிரிப்டே எண் கொடுக்கிறது. ஒரே எண் இரண்டு முறை வந்தால் அதுவே மறுத்து, திரையில் ஒரு சிவப்பு வரி காட்டுகிறது. அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நல்லதுதான்... என் அவசரத்தால் இனி எந்தக் குட்டையும் சாகாது.

ஆனால் அந்தப் போர்டுகள் எந்த ஊருக்குப் போகின்றன, எதற்குப் போகின்றன, எனக்குத் தெரியாது. அவற்றை நம்பி எங்கோ ஒருவர் நிம்மதியாகப் படுக்கிறார். அவர் முகத்தை நான் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.