மச்சான் போட்ட கடிதம்

என் தங்கையின் மகளுக்குக் கலியாணப் பதிவான காவின் எழுத நாள் குறித்த பிறகுதான் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நாடு முழுக்க எத்தனையோ பேருடைய கடிதங்கள் அதில் மாட்டியிருக்கும். ஆனால், கொழும்பில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர் என் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நாள் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. பயம் பிடித்தால் நான் அப்படித்தான். உலகத்துக்கு நடுவில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன்.

விஷயம் இதுதான். பெண்ணுக்கு நிக்காஹ் நடக்க அவளுடைய வொலி, அதாவது பொறுப்பாளியான தகப்பன், சம்மதம் தர வேண்டும். தகப்பன் கத்தாரில் லொறி ஓட்டுகிறான். வர முடியாதென்றால், தன் சார்பில் இன்னார் நிக்காஹ் செய்து வைக்கலாம் என்று ஒரு வக்காலத்துக் கடிதம் எழுதி, தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்று விவாகப் பதிவாளரிடம் கேட்டேன்.

"போன்ல வாற ஒப்பத்துக்கு நான் காவின் எழுத ஏலா தம்பி. அசல் வேணும்" என்றார்.

தகப்பனுக்கு அடுத்தபடியாக வொலியாக நிற்கப் பெண்ணுக்குச் சகோதரன் இல்லை. தகப்பனின் தகப்பனும் மௌத்தாகிவிட்டார். நான் தாய் மாமன். மார்க்கப்படி தாய் மாமன் வொலியாக முடியாது. மாப்பிள்ளை பார்க்கலாம், பந்தல் போடலாம், சமையற்காரனோடு சண்டை பிடிக்கலாம். சம்மதம் மட்டும் தர முடியாது.

அந்தத் தகப்பன், என் மச்சான், தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. எங்கள் பக்கத்தில் மச்சான் என்பது பகிடிக்கும் கேலிக்குமென்றே உள்ள உறவு. நாங்கள் அதை ஒரு தொழிலாகவே செய்து வந்தோம். ஒருவரை ஒருவர் ஏமாற்றாத பெருநாள் கிடையாது. "கடிதம் போட்டுட்டன் மச்சான், பதிவுத் தபால். இனி நீ வட்டிலப்பத்துக்கு முட்டை எண்ணு" என்று அவன் சொன்ன அதே வாரத்தில் கல்முனைத் தபால் கந்தோருக்குப் பூட்டு விழுந்தது. முன்னால் கூடாரம் போட்டார்கள். சுவரெல்லாம் சுவரொட்டி.

முதல் நாட்களில் ஊரே தபால்காரர் பக்கம்தான் நின்றது. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் அவர்களுக்காக உருகினார்கள். "பாவம், வெயில்ல சைக்கிள் மிதிச்சுக் காலெல்லாம் நரம்பு சுருண்ட மனிசன்மார். ஓவர்டைம் காசத்தானே கேக்காங்க." லீசிங் கம்பனிக் கடிதம் வராத சந்தோஷமும் சிலருடைய முகத்தில் தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். முதலில் மாறியது ஓட்டோக்காரர்கள். பொலிஸ் எழுதிய தண்டத்தைத் தபால் கந்தோரில் கட்டினால்தான் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். அடுத்து, சவூதியிலிருந்து மகன் அனுப்பிய மூட்டுவலித் தைலத்துக்காகக் காத்திருந்த ஹாஜியார். அறுகம்பேயில் அறை வாடகைக்கு விடும் ஒருவரும் சேர்ந்துகொண்டார். தொலைந்த வங்கி அட்டைக்குப் பதில் அட்டை தபாலில் வரும்வரை ஒரு வெள்ளைக்காரச் சோடி கடனுக்கே ரொட்டி தின்கிறது என்று அவர் அழாத குறை. தன் பார்சல் உள்ளே மாட்டியவனுக்கெல்லாம் வேலைநிறுத்தம் அநியாயமாகத் தெரிந்தது. மாட்டாதவனுக்கு அது உரிமைப் போராட்டம். நான் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நானும் கட்சி மாறினேன்.

வீட்டில் என் நிலைமை கேவலம். என்னுடைய பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக மனைவியின் சீனி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தலை சுற்றிக் கிடந்தேன். அவள் வாயில் சீனியைக் கொட்டிக்கொண்டே கேட்டாள்:

"இஞ்ச பாருங்க, கலியாணம் ஆருக்கு? புள்ளைக்கா, உங்களுக்கா?"

ஒருநாள் தபால் கந்தோர் யன்னலால் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சாக்கு. அதன் வாயில் வெள்ளையாக ஏதோ ஒரு மூலை. அதுதான் மச்சானின் கடிதம் என்று மனம் அடித்துச் சொன்னது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துவிட்டு அதற்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கூடாரத்தில் எங்கள் தெருத் தபால்காரரைப் பிடித்தேன். பாண்டிருப்புத் தமிழர். என்னைக் காக்கா என்பார், நான் அவரை அண்ணன் என்பேன்.

"அண்ணன், உள்ள அந்தச் சாக்குல என்ட கடிதம் கிடக்கு. நீங்க கை வைக்க வேணாம். கதவுத் திறப்ப மட்டும் தாங்க."

"வெளிநாட்டுத் தபால் ஒண்டும் இஞ்ச வரல்ல காக்கா. எல்லாம் கொழும்புல குவிஞ்சு கிடக்கு. உள்ள கிடக்கிறது வெறுஞ் சாக்கு."

"நேத்து நான் அதுக்கு ஸலாமெல்லாம் சொல்லிட்டுப் போன."

அவர் சிரிக்கவில்லை. "புள்ளைட கலியாணம் எனக்குத் தெரியும். வேலைக்குப் போன உடன முதல் தேடுறது அந்தக் கடிதத்தத்தான். இப்ப உள்ள போனா, என்ட ஆக்களுக்கு நான் கள்ளன்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

என் தொழில் ஒலிபெருக்கி. கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்குக் கொடுப்பேன். ஓட்டோவில் ஹோன் பூட்டி அறிவித்தலும் செய்வேன். அந்த வாரம் ஓர் ஆடு காணாமல் போன அறிவித்தல் வந்தது. நிறம், கொம்பு எல்லாம் சொல்லி முடித்தவன், வாயை மூடியிருக்கலாம். "மேற்படி ஆடு தபாலில் அனுப்பப்பட்டிருந்தால், உரிமையாளர் அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள்வரை பொறுத்திருக்கவும்" என்று சேர்த்தேன். தெரு சிரித்தது. சிரிப்புக் கேட்டால் எனக்குப் பிரேக் பிடிக்காது. நேரே கூடாரத்துக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தினேன். "ஊராருடைய கடிதங்களுக்கு மேல் படுத்து உறங்கும் கனவான்களே, மெதுவாகப் புரண்டு படுங்கள், உள்ளே ஒரு மணப்பெண் நசிகிறாள்" என்றேன். எங்கள் தபால்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பொடியன் வீடியோ எடுத்தான். மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன்பே அது கத்தார், குவைத் எல்லாம் சுற்றிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரார் அதற்குக் கீழே தபால்காரர்களின் பரம்பரையையே இழுத்து ஏசியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்து மகிழ்ந்தேன்.

இன்னொரு கடிதம் எழுதி, ஊருக்கு லீவில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடு என்று மச்சானிடம் கேட்காமல் இல்லை. "தூதரகத்துக்குப் போக இன்னொரு நாள் லீவு தரமாட்டான் மச்சான். போட்டது வரும். உன்ட தபால் ஆக்கள்தான் அமுக்கி வெச்சிருக்கானுகள்" என்றான். நம்பினேன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

ஒருவழியாக வேலைநிறுத்தம் முடிந்தது. கொழும்பிலிருந்து சாக்குகள் வந்தன. தைலம் வந்தது. அறுகம்பேக்காரரின் வெள்ளைக்காரச் சோடிக்கு அட்டை வந்தது. எங்கள் கடிதம் மட்டும் வரவில்லை. தபால்காரர் சொன்ன சொல் தவறாமல் தேடினார். என் வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில், "பதிவுத் தபால்தானே காக்கா, ரசீதுல நம்பர் இரிக்கும். அத வாங்கித் தாங்க" என்றார்.

மச்சானைக் கேட்டேன். ரசீதை எங்கேயோ வைத்துவிட்டேன் என்றான். மறுநாள், உடுப்போடு சேர்த்துத் தோய்த்துவிட்டேன் என்றான். காவினுக்கு நாள் நெருங்கிவிட்டது. அவனுடைய ஞாபகத்தைக் கிளற நினைத்து, பழக்கதோஷத்தில் ஒரு பகிடி விட்டேன்.

"மச்சான், இஞ்ச பெரிய விசாரணை. தோஹாவுக்கே எழுதிட்டாங்க. நீ கடிதம் குடுத்த கவுண்டர்ல இரிக்கிற கமராவப் பாக்கப் போறாங்களாம். எந்த நாள், என்ன சேட்டுப் போட்டிருந்தாய் எண்டு மட்டும் சொல்லு."

வேறு நாளென்றால், கோட்டும் துருக்கித் தொப்பியும் என்றிருப்பான். இப்போது லொறியை ஓரங்கட்டினான்.

"அத விடு மச்சான்."

"எத விடுற?"

"நான் போடல்ல."

பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எழுதவே இல்ல. என்ட தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திட்டன், புள்ள அவள்ட மகனுக்குத்தான் எண்டு. உனக்கும் ஓம் எண்டுட்டன். ரெண்டு பக்கமும் முகத்துக்கு முன்னால இல்லை எண்டு சொல்ல எனக்கு ஏலா. ஸ்ரைக் எண்டதும் நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன். நாள் தவறும், மாப்பிள்ளைப் பகுதி கோவிச்சிட்டுப் போயிடும், ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

"தபால்காரனச் சொல்லுவாங்க."

"அவனுகளுக்கு ஆர்தான் ஏசல்ல. உன்ட வீடியோவ ரூம்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சம் மச்சான்."

கடிதம் போடாததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. அந்தச் சிரிப்பை என்னால் விழுங்க முடியவில்லை. நான் அவனுடைய மகளுக்காக நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவன் தோஹாவில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஓசியில் கூத்துப் பார்த்திருக்கிறான். எத்தனையோ தடவை இருவருமாகச் சேர்ந்து ஊரைக் கோமாளியாக்கியிருக்கிறோம். இந்தத் தடவை கோமாளி நான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தங்கை வீட்டுக்குப் போய்த் தாயையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னேன். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். மருமகள் கல்முனையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் என் முகத்தை வாசித்தாள்.

"மாமா, இத வாப்பா வேற ஆருக்காவது சொன்னாரா?"

"இல்ல."

"வாப்பாட தங்கச்சி மாமிக்கு?"

"உன்ட மாமிக்குச் சொல்லியிருந்தா இந்நேரம் கடற்கரை மணலுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஊருக்கு முன்னால அவர் கடிதம் போட்ட ஆள்தான். காதியாருக்கிட்டப் போவம்."

முஸ்லிம் விவாக நீதிபதியான காதியாருக்கு, வொலியிடம் நேரே கேட்டு உத்தரவு எழுதும் அதிகாரம் உண்டு. மேசைமேல் போனை வைத்து, சாட்சிகளுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"நீங்க வக்காலத்து எழுதி அனுப்பினீங்களா?"

"ஓம் காதியார். பதிவுத் தபால்ல. ஸ்ரைக்ல எங்கயோ தொலைச்சுப்போட்டானுகள்." கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான். பக்கத்தில் நான் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"கடிதம் போனாப் போகட்டும். அதுல எழுதின சம்மதம் இப்பவும் சம்மதம்தானே?"

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் அனுப்பினாய் என்ற கேள்வி வரும். அவன் தன் பொய்க்குள்ளேயே திரும்ப இடமில்லாமல் லொறியை நிறுத்திவிட்டான்.

"ஓம்" என்றான்.

"அப்ப எனக்கு வக்காலத்துத் தாறீங்களா?"

"தாறன்."

காதியார் எழுதத் தொடங்கினார். இத்தனை அழகான பொறியை என் வாழ்நாளில் நான் வைத்ததில்லை. ஆனாலும் சிரிக்க மனம் வரவில்லை. திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மருமகள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த இடத்திலயாவது, எனக்கு விருப்பம் இல்ல எண்டு சொல்லுவாரோ எண்டு பாத்த நான். சொல்லியிருந்தா இரிந்து கதைச்சிருக்கலாம் மாமா."

சம்மதம் கிடைத்தது. ஆனால் அது நிற்பது போடாத அந்தக் கடிதத்தின்மேல். உண்மை வெளியே வந்தால் மாமி பகுதி காதியாரிடம் வந்து நிற்கும். ஆகவே கடிதத்தைத் தொலைத்தவர்கள் தபால்காரர்கள்தான் என்று ஊர் தொடர்ந்து நம்ப வேண்டியிருந்தது. தேத்தண்ணிக் கடையில் அவர்களை ஏசும்போது நான் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்தேன். இத்தனை காலம் கழித்து இப்போது இதை எழுதட்டுமா என்று மருமகளிடம் கேட்டேன். அவளுடைய பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. "இனி ஆர் வந்து என்ன செய்யிற? ஒருத்தர்ர பேரும் போடாம எழுதுங்க மாமா" என்றாள்.

நிக்காஹ் குறித்த நாளிலேயே நடந்தது. தபால்காரரும் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி அவருக்கும் அழைப்புச் சொல்லியிருக்கிறாள். மச்சான் வீடியோவில் வந்தான். போன் கைக்குக் கை மாறி, யாரோ குறும்புக்காரன் அதைத் தபால்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அண்ணன், என்ட கடிதம் எங்க? பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டுட்டீங்களா?" என்றான் மச்சான். பந்தல் முழுக்கச் சிரித்தது.

தபால்காரர் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "கொழும்புக்கு ரெண்டு தரம் எழுதிட்டன் தம்பி. இன்னும் தேடுறம்."

நான் போனைப் பிடுங்கினேன். திரையில் என்னைக் கண்டதும் மச்சான் கண்ணடித்தான். அழைப்பைத் துண்டித்தேன்.

தபால்காரர் கை கழுவிவிட்டுச் சைக்கிளை எடுக்கும்போது தெருவரைக்கும் கூடப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டார்.

"இப்ப பந்தலுக்குள்ள ஒரு பொம்பிள என்னைப் பாத்து, கலியாணத்தக் கெடுக்கப் பாத்த ஆள் எண்டு சொல்லிட்டுப் போறா. அவவுக்கு நான் என்ன சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதீங்க அண்ணன். புள்ளைட காவின் அதுலதான் நிக்கிது."

அவர் பெடலில் காலை வைத்தார். "உங்கட மச்சான எனக்குத் தெரியா காக்கா. உங்களத் தெரியும் எண்டுதான் நினைச்சிருந்தன்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மச்சான் திரும்பவும் எடுக்கிறான், உன்னைத்தான் கேட்கிறான் என்று தங்கை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"நித்திரை எண்டு சொல்லு" என்றேன், நட்டநடுப் பகலில், கலியாண உடுப்போடு.